குமிழைத் திருகிக்கொண்டிருக்கும் மகனை என்ன செய்வது?

அக்கா, தலவாக்கலையிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுத்த மகன் வெட்டுப்புள்ளி போதாமல் வீட்டில் இருக்கிறான், நாள் முழுக்க ஒரு சின்னக் குமிழைத் திருகித் திருகி கம்ப்யூட்டரையே பார்க்கிறான், கொழும்பில் மாமா கடைக்குக் கூப்பிடுகிறார், அனுப்பவா என்று கேட்கிறீர்கள். அவசரப்பட்டு அனுப்பாதீர்கள்.

அந்தக் குமிழ் ரோட்டரி என்கோடர், எந்தப் பக்கம் எவ்வளவு திருகினோம் என்பதைச் சிப்புக்குச் சொல்லும் சாமான். கடையில் கிடைக்கும் சாதாரண வகை ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் 20 'டிக்' தரும். உள்ளே இரண்டு தொடுப்புகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முந்திப் பிந்தித் திறந்து மூடும், எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் வலமா இடமா என்று தெரியும். எண்ணுவதில்தான் வில்லங்கம். உலோகத்தில் உலோகம் படும்போது சில மில்லிசெக்கன் துள்ளும், நம் விரலுக்கு ஒரு டிக், சிப்புக்கு ஐந்தாறு.

மலையில் கொழுந்து எடுக்கும்போது நிறுவை தொடங்கிவிட்டதா என்று நிமிடத்துக்கொரு தடவை ஓடிப்போய்ப் பார்ப்பீர்களா? கூப்பிட்டால்தானே போவீர்கள். இன்டரப்ட் என்பது அந்தக் கூப்பாடுதான். ஆர்டுயினோ ஊனோ என்ற சிப் பதித்த சின்னப் பலகையில் 2ஆம், 3ஆம் பின்களில் அந்த இரண்டு தொடுப்புகளின் கம்பிகளையும் கொடுத்தால், குமிழ் அசைந்த கணமே சிப் கைவேலையை விட்டுவிட்டு எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு திரும்பும். நிறுப்பவர் கிலோவை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும், கதைத்துக்கொண்டு நின்றால் வரிசை தேங்கிவிடும், அதே மாதிரி இன்டரப்ட்டுக்குள் காத்திருக்கும் கட்டளையைப் போட்டால் அடுத்தடுத்த டிக்குகள் தவறிப்போகும்.

இன்று இரவு அவன் பக்கத்தில் உட்காருங்கள். வலப்பக்கம் ஒரு சுற்று, இடப்பக்கம் ஒரு சுற்று, திரையில் எண் தொடங்கிய இடத்துக்கே வருகிறதா? அப்புறம் வேகமாகத் திருகச் சொல்லுங்கள். எண் பிசகினால் ஏன் என்று கேளுங்கள். இரண்டு கம்பிகளின் பழைய நிலையும் புதிய நிலையும் சேர்ந்து 16 விதம், அதில் எட்டுதான் உண்மையான அசைவு, துள்ளல் வந்தால் ஒன்று கூடி ஒன்று கழிந்து தானே சரியாகும் என்று பாராமல் சொன்னானென்றால், அந்தப் பிள்ளை வீணாக இருக்கவில்லை. உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அவன் தடுமாறாமல் சொல்கிறானா என்று பாருங்கள்.

இது விளையாட்டுச் சாமான் வேலை இல்லை அக்கா. லிஃப்ட், கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகம் வெட்டும் சி.என்.சி. இயந்திரம், தேயிலை பக்கெட் அடைக்கும் இயந்திரத்தில் தாள் எவ்வளவு நீளம் இழுபட்டது என்று பார்ப்பது, எல்லாவற்றிலும் என்கோடர் உண்டு. அங்கே பெரும்பாலும் ஒளியால் வேலை செய்யும் விலை கூடிய வகை, ஆனால் எண்ணும் கணக்கு இதேதான்.

சரி, வழி என்ன? என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டச் சான்றிதழில் தொடங்கி 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். பல்கலைக்கழகக் கதவு மூடிவிட்டது என்று அழுதீர்களே, இரத்மலானையில் தொழிற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, இந்த ஏணியில் ஏறி அங்கேயும் போகலாம். இலத்திரனியல், மெக்கட்ரோனிக்ஸ் பாடநெறிகளைத் தேடச் சொல்லுங்கள். காசு கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம்: அந்த நிறுவனமும் பாடநெறியும் மூன்றாம் நிலை தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா, எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள். மொழி தெரியாமல் சேர்ந்து மூன்றாம் மாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த நம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கும்.

அவனை ஒரு கொப்பி வாங்கச் சொல்லுங்கள். எண் பிசகிய நாள், என்ன மாற்றினான், என்ன ஆனது, எல்லாம் அதில் எழுதட்டும். நேர்முகத்துக்குப் போகும்போது குமிழையும் கொப்பியையும் கையோடு கொண்டுபோகட்டும். மாமாவிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள்.