கர்ப்ப காலத்தில் சயாட்டிகா வலி ஏன் வருகிறது, எப்படிச் சமாளிப்பது?

இடுப்பிலிருந்து பிட்டம் வழியாகப் பாதம் வரை போகும் தடித்த நரம்பு அல்லது அதன் வேர் அழுந்தும்போதோ உறுத்தலுக்கு உள்ளாகும்போதோ காலில் சுரீரென்று இறங்கும் வலிதான் சயாட்டிகா. வாசலில் காலிங் பெல்லை அழுத்தினால் சத்தம் வீட்டுக்குள் கேட்பது போல, அழுத்தம் இடுப்பில், வலி கெண்டைக்காலில். அதனால் காலை மட்டும் பிடித்துவிட்டுப் பயனில்லை.

கர்ப்பத்தில் ஹார்மோன்களால் இடுப்பெலும்பின் தசைநார்கள் தளர்கின்றன. வயிறு முன்னே தள்ளத் தள்ள முதுகின் வளைவும் கூடுகிறது. ஆனால் இந்தச் சமயத்தில் வரும் வலியில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் இணைப்புகளில் வரும் வலிதான், சயாட்டிகா அல்ல. அது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே இறங்காது.

முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுங்கள். நெடுநேரம் ஒரே இடத்தில் உட்காராமல் கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். பிசியோதெரபிஸ்ட்டை முன்கூட்டியே பார்ப்பது நல்லது. மாத்திரை விஷயத்தில் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம், குறிப்பாக இபுபுரூஃபன்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, பிரசவத்துக்கு அப்புறம்? பலருக்கு வாரங்களில், சிலருக்கு மாதங்களில் குறையும். குனிந்தபடி பால் கொடுப்பதுதான் அப்போது பெரிய எதிரி. குழந்தையைத் தலையணையால் உயர்த்திக்கொள்ளுங்கள்.

அசையாமல் படுத்தே கிடந்தால் சீக்கிரம் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அளவான நடமாட்டமே வலியைச் சீக்கிரம் குறைக்க உதவும்.