கிரெடிட் கார்டு பில்லில் வரும் 'மினிமம் டியூ' என்றால் என்ன? அதை மட்டும் கட்டினால் போதுமா?

கணக்கு தவணை தவறியதாகப் பதிவாகாமல் இருக்க, அந்த மாதம் கட்டவேண்டிய மிகக் குறைந்த தொகைதான் மினிமம் டியூ. பெரும்பாலும் பில்லில் 5 சதவீதம் அளவுக்கு இருக்கும்.

நாகர்கோவிலில் கிறிஸ்துமஸுக்குத் துணி எடுத்ததில் பில் 20,000 ரூபாய் என்று வையுங்கள். 1,000 கட்டிவிட்டீர்கள். சரி, மீதி 19,000-க்கு மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 665 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறக்குறைய 120. ஆக, ஆயிரம் கட்டியும் கடன் குறைந்தது 215 ரூபாய்தான்! வட்டியைப் பொருள் வாங்கிய நாளிலிருந்தே போடுவதால், நிஜத்தில் இதைவிடவும் குறைவு.

பலர் கவனிக்காதது இன்னொன்று. பாக்கி இருக்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. ரூபே கார்டை யுபிஐயில் இணைத்து வடசேரி சந்தையில் வாங்கும் ஒரு சீப்பு மட்டிப்பழத்துக்கும் அன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் கோருவது மாதிரிதான் இது. கோரக் கோர உள்ளே வரும். வள்ளம் முங்காது, அவ்வளவுதான். வங்கிக்கு வருமானமே அந்த ஓட்டையில்தானே!

'மினிமம் கட்டினால் வட்டி வராது' என்று நினைப்பவர்கள் நிறைய. வராமல் போவது தாமதக் கட்டணம் மட்டும்தான்.