நைட் டூட்டிக்காரிக்கு 4 மணி ஜும்பா

கேள்வி: அக்கா, மும்பையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் 9 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எச்.ஆர். ஆட்கள் திடீரென்று 'ஊழியர் ஆரோக்கியத் திட்டம்' ஆரம்பித்திருக்கிறார்கள். தினம் சாயங்காலம் 4 மணிக்கு ஜும்பா, வெயிட் குறைத்தால் பரிசு. நைட் முடித்து லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வீடு வந்து படுப்பவள், 4 மணிக்குத் திரும்பிப் போய் ஆட முடியுமா? இடுப்பு வலி தாங்கவில்லை, ராத்திரி கேன்டீன் பூட்டிவிடுவதால் பிஸ்கட்டும் டீயும்தான் சாப்பாடு. மேட்ரன் மட்டும், 'என்ன வேணும்னு எழுதிக் கொடு' என்கிறார். என்ன எழுத?
- வாசகி, டோம்பிவிலி

பதில்: ஜும்பாவைத் திட்டி எழுதாதீர்கள், ஆடுகிறவர்கள் ஆடட்டும் (அக்கவுன்ட்ஸ் ஆட்கள் கண்டிப்பாக வருவார்கள்). மேட்ரன் கேட்டாரே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒருத்தி கஷ்டமாக எழுதினால் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரு வாரம், ஹேண்டோவர் முடிந்ததும், வார்டு மாமா (வார்டு பாய்), மாவ்ஷி (ஆயா) வரை எல்லோரிடமும் மூன்றே கேள்வி கேட்டு நோட்டில் குறியுங்கள்: எங்கே வலிக்கிறது, ராத்திரி என்ன சாப்பிட்டாய், டூட்டியில் எத்தனை தடவை பாத்ரூம் போனாய். மூன்றாவது கேள்விக்குச் சிரிப்பார்கள். பேஷன்டின் யூரின் பையை மணிக்கொரு தரம் அளந்து எழுதுகிற நாம்தான் ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஓடிவிட்டு யூரின் இன்ஃபெக்‌ஷனோடு வீட்டுக்குப் போகிறோம், நானும் போயிருக்கிறேன்.

இடுப்புக்கு யோகா வகுப்பு மட்டும் போதாது. கட்டிலை நம் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, பேஷன்டுக்கு அடியில் வழுக்கு விரிப்பைப் போட்டு இழுத்தால் பாரம் குறையும், ஆனால் ஏற்றுகிற கைப்பிடி உடைந்த கட்டில்கள் உங்கள் வார்டில் எத்தனை? எண்ணி, கட்டில் நம்பரோடு எழுதுங்கள். அப்புறம் ராத்திரி 1 மணிக்குச் சூடான சாப்பாடு, கொஞ்ச நேரம் சாய ஒரு அறை, தொடர்ந்து எத்தனை நைட் போடலாம் என்பதற்கு ஒரு வரம்பு. இதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-லேயே நைட் ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது, 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் எடுக்கவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு, விடிகாலை 3 மணிக்கு மேல் டீயை விடுங்கள். அதிலிருக்கும் கஃபீன் பாதி குறையவே 5 மணி நேரம் போல ஆகும், அப்புறம் வீட்டில் எப்படித் தூக்கம் வரும்?

கேள்வி: மருத்துவமனையில் கான்ட்ராக்ட் ஹவுஸ்கீப்பிங் வேலை. போன மாதம் குப்பைப் பையில் கிடந்த ஊசி விரலில் குத்திவிட்டது. பிதுக்கி டெட்டால் போடச் சொன்னதோடு சரி. தடுப்பூசி கேட்டால், 'நீ கான்ட்ராக்ட் கம்பெனி ஆள்' என்கிறார்கள்.
- வாசகர், தாராவி

பதில்: தம்பி, பிதுக்கவே கூடாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்திருக்க வேண்டும், அது போய்விட்டது. ஆனால் பரிசோதனைக்கு நேரம் போகவில்லை. அரசு ஆஸ்பத்திரியின் ஐ.சி.டி.சி. (ஆலோசனை, பரிசோதனை) மையத்தில் எச்.ஐ.வி. டெஸ்ட் இலவசம், இந்த வாரமே போங்கள், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கம்பெனி ஆள் என்பதெல்லாம் செல்லாது. 2016-ன் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், அந்தக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதையும், வேலைக்குச் சேரும்போதும் அதன்பின் வருடம் ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்வதையும் மருத்துவமனையின் கடமையாகச் சொல்கின்றன. ஹெபடைடிஸ் பி மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. குத்திய தேதி, வார்டு, எந்த நிறப் பை என்று ஒரு தாளில் எழுதி இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.