சி.எஃப்.எல். மின்குமிழால் அளவுகோடிட்ட என் திருசியமானி சோடியம் கோட்டை 591 என்று காட்டுவது ஏன்?

கொட்டியாரக் குடா நீரில் பச்சையம் அளப்பதற்கு, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் சிறிய திருசியமானி ஒன்றை வாங்கி, சி.எஃப்.எல். மின்குமிழின் நீல உச்சியை 435.83 என்றும் பச்சை உச்சியை 546.07 நானோமீற்றர் என்றும் கொடுத்து அளவுகோடிட்டதாக (எந்தப் பிக்சல் எந்த அலைநீளம் என்று வகுத்ததாக) எழுதியிருக்கிறீர்கள். பின்னர் சோடியம் விளக்கைப் பார்த்தபோது 589 இல் வரவேண்டிய மஞ்சள் கோடு 591 இல், தலை வெட்டிய பனைபோலத் தட்டையாக நின்றிருக்கிறது. (தமிழகத்து வாசகர்கள் நிறமாலைமானி என்பதையே நாங்கள் உயர்தர வகுப்பிலிருந்து திருசியமானி என்கிறோம்.)

திருகோணமலையில் நீர் மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வுகூடமொன்றில் இதே வேலையைச் செய்பவன் நான். உங்களிடம் இருப்பவை இரண்டு வேறு பிழைகள். தட்டையான உச்சியை முதலில் திருத்துங்கள். உணரி நிரம்பிவிட்டால் உச்சியின் நடு எந்தப் பிக்சலில் விழுகிறது என்பதே தெரியாது. அந்தத் தரவைக் கொண்டு எத்தனை கவனமாகக் கணக்கிட்டாலும் பயனில்லை.

16 பிட் கருவியில் எண்ணிக்கை 65535 ஐத் தாண்டாது. மென்பொருளில் ‘இன்டகிரேஷன் டைம்’ என்றிருக்கும் ஒளி சேர்க்கும் நேரத்தை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, அதிவலிமையான கோடு 45000 முதல் 55000 வரை எழும்படி மெல்ல மெல்லக் கூட்டுங்கள். அதற்குப் பிறகே ஒளியை முற்றாக மறைத்து இருள் அளவீட்டை எடுக்க வேண்டும். நேரத்தை மாற்றினால் இருளையும் மீண்டும் எடுக்க வேண்டும். குளிரூட்டப்படாத உணரியில், ஒளியின்றியும் எழும் இருள் மின்னோட்டம் ஏறத்தாழ 6 முதல் 8 பாகை செல்சியசுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பதால், வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் எடுத்த இருளை மத்தியானத்து அளவீட்டிலிருந்து கழிப்பது தவறு. அடிக்கோடு உயர்ந்து நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். சராசரி எடுக்கும் பதிவுகளின் எண்ணிக்கையை 16 ஆக வைத்தால் இரைச்சல் நான்கில் ஒன்றாகும். பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்து மழமழப்பாக்கும் அமைப்பை மட்டும் அளவுகோடிடும்போது சுழியத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் இரசத்தின் (பாதரசத்தின்) 576.96 உம் 579.07 உம் ஒரே மேடாகிவிடும்.

இனி அந்த 2 நானோமீற்றர். சி.எஃப்.எல். மின்குமிழின் பச்சை உச்சி தனி இரசக் கோடு அன்று. குழாயின் உட்பூச்சிலுள்ள டெர்பியம் 542 இலிருந்து 545 வரை வலிமையாக ஒளிர்கிறது. உங்கள் கருவியின் பிரிதிறனில் அதுவும் 546.07 உம் ஒன்றாகக் கலந்து, உச்சி இடப்பக்கம் சாய்ந்து, ஏறத்தாழ 544.5 இல் நிற்கும். அதற்கு நீங்கள் 546.07 என்று பெயரிட்டதால் அதற்கு வலப்புறம் உள்ள யாவும் கூடுதலாகக் காட்டுகின்றன. இரு புள்ளிகளை மட்டும் கொண்டு நேர்கோடு வரைந்ததால் பிழை போகப்போக வளர்கிறது: 90 சதவீத அசற்றோனில் பச்சையம்-ஏ அளக்கப்படும் 664 இல் அது ஏறத்தாழ மூன்று நானோமீற்றர் ஆகும். அம்மின்குமிழின் 611 சிவப்பும் யூரோப்பியப் பூச்சினுடையதே. அதையும் நம்ப வேண்டாம்.

இரச–ஆகன் (பாதரசம், ஆர்கான்) விளக்கொன்றை எங்காவது இரவல் வாங்குங்கள். அதன் 253.65 புற ஊதாக் கதிர் கண்ணுக்குக் கேடு. நேரே பார்க்கக் கூடாது. 404.66, 435.83, 546.07, 576.96, 579.07 ஆகிய இரசக் கோடுகளுக்குக் குறுகிய நேரமும், 696.54, 763.51, 811.53 ஆகிய ஆகன் கோடுகளுக்கு நீண்ட நேரமுமாக இரண்டு பதிவுகள் எடுங்கள். ஒவ்வோர் உச்சியின் நடுவையும் சுற்றியுள்ள ஐந்து, ஏழு பிக்சல்களைக் கொண்டு பிக்சலின் பின்னம் வரை கணித்து, பிக்சல் எண்ணின் மூன்றாம் அடுக்கு வரை செல்லும் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்துங்கள். பிக்சல் எண் 0 இல் தொடங்குகிறதா 1 இல் தொடங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; 200 முதல் 1100 வரை 2048 பிக்சல்களில் பரப்பும் கருவியில் அந்த ஒன்று 0.44 நானோமீற்றர்.

பொருத்திய பின் ஒரேயொரு கோடு மட்டும் விலகி நின்றால் கோவையைக் குற்றம் சொல்லாமல் கோட்டைச் சந்தேகியுங்கள். நான் ஒருமுறை 809 இல் நின்ற கோட்டை ஆகனின் 811.53 என்று எண்ணி ஒரு நாள் முழுவதையும் இழந்தேன். அது 404.66 இன் இரண்டாம் வரிசை, அதாவது இரு மடங்கு அலைநீளத்தில் தோன்றும் அதன் போலி. ஒளியைப் பிரிக்கும் நெய்யரி அதை 809.32 இல் போட்டிருந்தது. விளக்குக்கு முன்னால் செம்மஞ்சள் வடிகட்டியைப் பிடித்தவுடன் அந்தக் கோடு மறைந்தது, உண்மையான ஆகன் கோடுகள் அப்படியே நின்றன.

புதிய குணகங்களைக் கருவியில் பதியும் முன் பழையவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பதிந்தபின் ஒளிநாரை வெள்ளைத் தாள் ஒன்றில் படும் பகல் வெளிச்சத்தை நோக்கித் திருப்புங்கள்: 486.1 இலும் 656.3 இலும் சூரியனின் ஐதரசன் பள்ளங்கள், 760 ஐ ஒட்டி வளிமண்டல ஒட்சிசனின் ஆழமான பள்ளம். இந்த மூன்றும் இடத்தில் இருந்தால் குடாவின் நீரை எடுத்து வரலாம்.