அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளி நம்புவது, பிறகு வரும் வலியை மாற்றுமா?

மாற்றும். ஆனால் "நல்லதையே நினையுங்கள், வலி பறந்துவிடும்" என்று சொல்ல நான் வரவில்லை. என் அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது, பதினோரு மாத இடைவெளியில். இரண்டு முறையும் இரவில் துணைக்கு இருந்தவள் நான்.

முதல் முறை எல்லோரும் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "இப்போதெல்லாம் வலியே தெரியாது." அம்மாவும் அதை நம்பித்தான் போனார். முதுகில் போட்ட ஊசியின் வீரியம் இறங்கிய பிறகு, இரவு இரண்டு மணி இருக்கும், என் மணிக்கட்டை இறுகப் பிடித்து, "உள்ளே ஏதோ தப்பாகிவிட்டது, எல்லோரும் என்னிடம் மறைக்கிறீர்கள்" என்றார். காலில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் வலியே வராது என்று நம்பியவருக்கு, வந்த வலி முழுவதும் ஆபத்தாகத் தெரிந்தது. பயத்தில் காலை மடக்க மறுத்தார். மடக்காத மூட்டு இறுகியது. இறுகிய பிறகு மடக்கினால் இன்னும் வலித்தது.

இரண்டாவது முறை, முந்தைய நாள் மாலையே பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்காலைத் தொட்டுக் காட்டி, "நாளை இரவு இந்த இடம் இறுக்கிப் பிடிக்கும், இங்கே எரியும் அம்மா. அது புண் ஆறும்போது வருகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், கூடுவதற்கு முன்பே நர்ஸைக் கூப்பிடுங்கள். மடக்கும்போது வலிக்கும், ஆனால் தையல் பிரியாது" என்றார். அன்றிரவும் அம்மாவுக்கு வலித்தது. "அந்தப் பிள்ளை காட்டிய இடத்திலேயே வலிக்கிறது" என்று சொல்லிவிட்டு, அவரே மணியை அழுத்தினார்.

ஒருவரின் இரண்டு கால்களை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் லாரன்ஸ் எக்பர்ட்டும் உடனிருந்தவர்களும் இதையே செய்து பார்த்து 1964இல் வெளியிட்டார்கள். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 97 பேர். அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் இருக்கும், தசையை எப்படித் தளர்த்துவது, படுக்கையில் எப்படிப் புரளுவது என்று விளக்கினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. யாருக்கு விளக்கினார்கள் என்று அறியாத அறுவை மருத்துவர்களே அவர்களைச் சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதை "மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2011இல் நரம்பியல் ஆய்வாளர் உல்ரிகே பிங்கல் குழு வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவர்களின் காலில் வலிக்கும் அளவுக்குச் சூடு கொடுத்து, ரெமிஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். மருந்து ஏறுகிறது என்று சொன்னபோது, சொல்லாமல் ஏற்றியதைவிட அதன் பலன் இரு மடங்கானது. நிறுத்திவிட்டோம் என்று பொய் சொன்னபோது, மருந்து ஏறிக்கொண்டிருந்தும் பலன் ஏறக்குறைய இல்லாமலே போனது. மூளை ஸ்கேனிலும் அந்த மாற்றம் பதிவானது.

அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை என்றால், "வலிக்காது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டார் பட்ட பாட்டையும் விவரிக்காதீர்கள். முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: எங்கே வலிக்கும், எத்தனை நாள், மருந்தை எப்போது கேட்க வேண்டும், எந்த வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம், திடீரென்று கூடும் வலி எல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல.