நாயகன் சரியில்லாவிட்டால் நல்ல அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரும் ஏன் கெட்டுப்போகிறது?

நாயகன் பயந்தாங்கொள்ளியாக இருப்பது தப்பே இல்லை. எதையும் தானாக முடிவு செய்யாதவனாக இருந்தால்தான் கதை படுத்துவிடும்.

'கில்டி கிரௌன்' (2011) பாருங்கள். 'டெத் நோட்' எடுத்த தெட்சுரோ அராக்கியின் இயக்கம், ஹிரோயுகி சவானோவின் இசை. கொள்ளைநோய்க்குப் பின் அந்நியப் படையின் பிடியில் கிடக்கும் ஜப்பான். மனிதர்களின் உள்ளத்தையே ஆயுதமாக உருவியெடுக்கும் சக்தி. வேறென்ன வேண்டும்?

அந்தச் சக்தி கிடைத்தது நாயகன் ஷூவுக்கு. முதல் எபிசோடிலேயே இனோரி என்ற பெண்ணைச் சிப்பாய்கள் இழுத்துப்போகிறார்கள். இவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சரி, பதினேழு வயசுப் பையன், விடுங்கள். அப்புறமும் திட்டம் போடுவதெல்லாம் காய் (Gai) என்ற போராளிக் குழுத் தலைவன்தான். ஷூ அவன் சொன்னதைச் செய்வான், பிறகு புலம்புவான். பாதிக்கு மேல் தோழி ஹாரே இறந்ததும், ஒரே தாவலில் சர்வாதிகாரியாகி, சக மாணவர்களை அவர்களிடமிருந்து உருவும் ஆயுதத்தின் பலத்தை வைத்துத் தரம் பிரித்து நடத்துகிறான். கேட்க அருமையான திருப்பம். ஆனால் அதுவரை அவனுக்கென்று ஒரு ஆசையோ பிடிவாதமோ இருந்ததில்லை; எதிலிருந்து மாறினான் என்றே பிடிபடவில்லை. பயமும் வரவில்லை, பரிதாபமும் வரவில்லை.

'எவாஞ்செலியன்' நாயகன் ஷின்ஜியும் கோழைதானே என்பார்கள். அவன் ஓடிப்போவதே ஒரு முடிவு; அதற்கு விலையும் கொடுக்கிறான். அந்தத் தொடரே அவன் பயத்தைப் பற்றியதுதான். ஷூவின் தயக்கமோ அடுத்த சண்டையைத் தள்ளிப்போட மட்டுமே உதவுகிறது. காயை நாயகனாக்கியிருந்தால் நான் இன்னொரு தடவைகூடப் பார்த்திருப்பேன்.