மாண்டலின் ஸ்லைசரில் தக்காளி நசுங்குகிறது, கேரட் பிளக்கிறது: கூர்மை போதவில்லையா, பிளேடின் வடிவம்தான் காரணமா?

கேள்வி: வீட்டில் இருக்கும் காய் சீவும் ஸ்லைசரில் தக்காளி போட்டால் நசுங்குகிறது. கேரட் கொஞ்சம் தடிமனாகச் சீவினால் பாதியில் பிளந்துவிடுகிறது. புதிதாக மாண்டலின் வாங்கலாம் என்று பார்த்தால் நேர் பிளேடு, சாய்ந்த பிளேடு, ‘வி’ பிளேடு என்று மூன்று வகை இருக்கிறது. உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, எதை வாங்கலாம்?

பதில்:

நீங்கள் சொல்வது இரண்டு வேறு வேறு கோளாறுகள். தக்காளி நசுங்கினால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது தட்டின் குறுக்கே நேராகப் போட்டிருக்கிறது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். கேரட் பிளப்பது அப்படியல்ல. நன்றாகக் கூர்மையான பிளேடிலும் அது நடக்கும், ஏனென்றால் அங்கே தொல்லை கொடுப்பது பிளேடின் தடிமன். கடையில் எல்லா ஸ்லைசரும் ‘ரேசர் ஷார்ப்’ என்று அட்டையில் அச்சடித்துத்தான் வருகிறது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அமைப்பில் மாண்டலின் என்பது தச்சர் இழைப்புளியைக் கவிழ்த்து வைத்ததுதான். அங்கே மரம் நிற்கும், உளி நகரும். இங்கே உளி நிற்கிறது, காய் நகர்கிறது. காய் வரும் முன்தட்டு பிளேடைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்த இடைவெளிதான் வில்லையின் தடிமன். சீவிய பிறகு காய் ஏறிப் போகும் பின்தட்டு, பிளேடின் விளிம்போடு ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும்.

இதில் ‘கோணம்’ என்று இரண்டு விஷயங்களைச் சொல்கிறார்கள், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, சாணைக் கோணம், அதாவது விளிம்பு எவ்வளவு ஒல்லியாகத் தீட்டப்பட்டிருக்கிறது என்பது. இன்னொன்று, பிளேடு தட்டின் குறுக்கே நேராக இருக்கிறதா, சாய்ந்து இருக்கிறதா என்பது. வாங்குகிறவர்கள் கவனிக்கவேண்டியது இந்த இரண்டாவதை. அது முதலாவதையும் மாற்றிவிடுகிறது என்பதுதான் சுவாரசியம்.

பிளேடு குறுக்கே நேராக இருந்தால் காய் விளிம்பில் நேருக்கு நேர் மோதுகிறது. 45 டிகிரி சாய்த்துப் போட்டால், காய் 10 மில்லிமீட்டர் முன்னே நகரும்போது விளிம்புக்குள் நேரே இறங்குவது 7 மில்லிமீட்டர்தான். அதே நேரத்தில் விளிம்பின் நீளவாக்கில் இன்னொரு 7 மில்லிமீட்டர் வழுக்குகிறது. 30 டிகிரி என்றால் இறங்குவது ஏறக்குறைய 9, வழுக்குவது 5. கத்தியைத் தக்காளி மேல் வைத்து வெறுமனே அழுத்தினால் தோல் பள்ளம் விழுந்து சாறு பிதுங்கும். அதே கத்தியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் இழுத்தால் சுலபமாக இறங்கும். சாய்ந்த பிளேடு அந்த இழுப்பைத் தானாகவே கொடுத்துவிடுகிறது. அரிவாள்மனையின் வளைவும் இதே வேலையைத்தான் செய்கிறது. காயை நேரே தள்ளினாலும் வளைந்த விளிம்பில் அது வழுக்கிக்கொண்டே அறுபடும்.

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் இருந்த டோனி அட்கின்ஸும் அவரோடு இருந்தவர்களும் செடார் சீஸ், சலாமி (பதப்படுத்திய இறைச்சி) இரண்டையும் வெட்டிப் பார்த்து 2004-இல் இதைக் கணக்காகவே எழுதினார்கள். உராய்வை விட்டுவிட்டால், வழுக்கும் வேகமும் இறங்கும் வேகமும் சமமாக இருக்கும்போது விளிம்புக்கு நேரே அழுத்தும் விசை பாதியாகிறது. 45 டிகிரி பிளேடில் இருப்பது அதே நிலைதான். 30 டிகிரியில் கால் பங்கு குறையும்.

இங்கே விளம்பரக்காரர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. உங்கள் கை போடும் மொத்த உழைப்பு இதனால் பாதியாகிவிடாது. குறையும் அழுத்தத்துக்குப் பதிலாக விளிம்பின் நீளவாக்கில் இழுப்பு வருகிறது. இரண்டையும் சேர்த்தால் ஒரு வில்லையை அறுக்கத் தேவையான வேலை கிட்டத்தட்ட அதேதான். மாறுவது காயை நசுக்கும் பங்கு. உருளைக்கிழங்குக்கு அது பெரிய விஷயமில்லை, அது எதையும் தாங்கும். தக்காளி, வெங்காயம், வெள்ளரி, பிஞ்சுக் கத்திரிக்காய் எல்லாம் அந்த அழுத்தத்தில்தான் கெட்டுப்போகின்றன. வெங்காயம் நசுங்கினால் கண்ணும் கூடுதலாக எரியும், ஏனென்றால் கண்ணைக் கரிக்கும் வாயு செல்கள் உடையும்போதுதான் உருவாகிறது.

சாய்ந்த பிளேடில் ஒரே நேரத்தில் காயின் கொஞ்ச இடம்தான் அறுபடுகிறது, அதனால்தான் இலகு என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். சதுரமாக நறுக்கிய கிழங்குக்கு அது சரி. நேர் பிளேடில் முழு அகலமும் ஒரே தட்டாக மோதும், சாய்ந்ததில் ஒரு மூலை முதலில் தொட்டு மெதுவாக நுழையும். ஆனால் நாம் சீவும் காயில் பாதிக்கு மேல் உருண்டை. வட்டத்தை எந்தக் கோணத்தில் அறுத்தாலும் முதலில் ஒரு புள்ளி தொடும், நடுவில் முழு விட்டமும் அறுபடும், கடைசியில் மறுபடி ஒரு புள்ளி. அதில் சாய்வால் எந்த லாபமும் இல்லை. லாபம் எல்லாம் வழுக்கலில்தான்.

சாணைக் கோணத்தை அது எப்படி மாற்றுகிறது என்று சொல்லிவிடுகிறேன். விளிம்புக்குச் செங்குத்தாக அளந்தால் 20 டிகிரி இருக்கிற பிளேடு என்று வையுங்கள். அதை 45 டிகிரி சாய்த்துப் போட்டால், காய் அந்தப் பிளேடின் மேல் ஓடும் பாதை நீளமாகிறது, ஏறும் உயரம் மட்டும் மாறுவதில்லை. ஆகவே காய்க்கு அது சுமார் 14 டிகிரி பிளேடு. 30 டிகிரி சாய்வில் 17 அரை. உண்மையிலேயே 14 டிகிரிக்குத் தீட்டினால் விளிம்பு சீக்கிரம் மடங்கும், ஒரு முற்றின பாகற்காய் விதை பட்டாலே போதும். சாய்த்துப் போட்டால் 20 டிகிரியின் பலமும் இருக்கும், 14 டிகிரியின் மெலிவும் கிடைக்கும். தச்சர்கள் முரட்டு மரத்தில் இழைப்புளியைக் கொஞ்சம் கோணலாகப் பிடித்துத் தள்ளுவதும் இதற்காகத்தான்.

சரி, மூன்று வகைக்கு வருவோம். பிரெஞ்சு சமையல்கூடங்களின் பழைய எஃகு மாண்டலின்களில் பிளேடு பெரும்பாலும் குறுக்கே நேராக இருக்கும். உருளைக்கிழங்கு மாதிரி கெட்டியான, ஒரே சீரான காய்க்கு அது பொருந்தும். காய் பக்கவாட்டில் எங்கும் ஓடாது. ஆனால் அந்த பிளேடு எப்போதும் நல்ல கூரில் இருக்கவேண்டும். கொஞ்சம் மழுங்கினாலும் உடனே தெரிந்துவிடும், மன்னிக்காது.

சாய்ந்த ஒற்றைப் பிளேடுக்குப் பெயர் போனது ஜப்பானின் இவகுனி நகரத்து பென்ரினர் நிறுவனம். உலகம் முழுக்க உணவக அடுப்படிகளில் அந்தப் பச்சை பிளாஸ்டிக் தட்டைப் பார்க்கலாம். இதன் ஒரே குறை, காய் ஒரு பக்கமாக ஒதுங்கும். பிளேடின் ஆப்பு காயை விளிம்புக்குச் செங்குத்தாகத் தள்ளுகிறது. விளிம்பே சாய்ந்திருப்பதால் அந்தத் தள்ளலில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய், காய் ஓரச்சட்டத்தில் போய் உரசும். கூராக இருக்கும் வரை இது பெரிதாகத் தெரியாது. காய் ஓரமாகவே ஓட ஆரம்பித்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வேறு சோதனையே வேண்டாம்.

‘வி’ பிளேடு இந்த ஒதுங்கலுக்குச் சரியான மருந்து. ஜெர்மனியின் பெர்னர் ஸ்லைசர்கள் இந்த வடிவத்தில்தான் பிரபலமாயின. இரண்டு சாய்ந்த பிளேடுகள் எதிரெதிராக நிற்பதால் இடது தள்ளலும் வலது தள்ளலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், காய் நடுவிலேயே ஓடும். தக்காளிக்கு இதுதான் எனக்குப் பிடித்தது. இரண்டு பக்கத் தோலும் முதலில் அறுபடுகிறது, நடுச்சதை கடைசியில். ஆனால் இரண்டு பிளேடும் சேரும் அந்த நடுமுனைதான் இதன் பலவீனம். காய் நார் எல்லாம் போய்ச் சிக்கும் இடம் அது. சேர்ப்பு துல்லியமாக இல்லாவிட்டால் ஒவ்வொரு வில்லையின் நடுவிலும் ஒரு கீறல் விழும். சாணை பிடிப்பதும் ஏறக்குறைய நடக்காத காரியம். பல மாடல்களில் பிளேடைக் கழற்றவே முடியாது, கழற்றினாலும் அந்த மூலைக்குள் கல் போகாது. விலை குறைவான ‘வி’ ஸ்லைசர் என்றால் மழுங்கும் வரை வைத்துக்கொள்ளும் பொருள் என்று நினைத்தே வாங்குங்கள்.

முட்டைக்கோஸுக்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் பெரிய மரச் சீவுபலகையையும் இங்கே சொல்லவேண்டும். சவர்க்ரவுட் (புளிக்கவைத்த முட்டைக்கோஸ்) போடுவதற்காக வரிசையாக இரண்டு மூன்று சாய்ந்த பிளேடு, மேலே காயை வைத்துத் தள்ள ஒரு பெட்டி. ஒரு தள்ளலில் இரண்டு மூன்று அடுக்கு விழும். அதிலும் பிளேடு சாய்வுதான், நேர் இல்லை.

பல் வைத்த பிளேடு தக்காளித் தோலைக் கிழிக்க உதவும். அழுத்தம் எல்லாம் பல்லின் நுனியில் குவிவதால் தோல் உடனே திறக்கும். பதிலுக்கு வில்லையின் முகம் கரடுமுரடாக வரும். வாழைக்காய் சிப்ஸுக்கு எனக்கு அது வேண்டாம். நெளி பிளேடு அழகுக்கு. அதில் ஒவ்வொரு முறையும் காயை 90 டிகிரி திருப்பித் திருப்பிச் சீவினால் வலை மாதிரி ஓட்டை விழுந்த வில்லை கிடைக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

இப்போது கேரட். பிளேடு காய்க்குள் போகும்போது கீழே வரும் வில்லை வளைந்து ஒதுங்கவேண்டும். ஒரு மில்லிமீட்டர் வில்லை சுலபமாக வளையும். நான்கு மில்லிமீட்டர் கேரட் வில்லை வளையாது. தடித்த பிளேடு ஆப்பு மாதிரி உள்ளே ஏற ஏற, விளிம்புக்கு முன்னாலேயே விரிசல் ஓடிவிடும். அதற்குப் பிறகு பிளேடு அறுப்பதில்லை, விரிசலைத்தான் பின்தொடர்கிறது. வில்லை ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் வருவது அதனால்தான். மரவள்ளியும் பச்சைச் சர்க்கரைவள்ளியும் இதே ரகம். ஒல்லிப் பிளேடு, குறைந்த சாணைக் கோணம், சாய்வு மூன்றும் சேர்ந்தால் நன்றாகக் குறையும். அப்படியும் கேரட்டைத் தடிமனாக நறுக்கவேண்டும் என்றால் கத்திதான் நல்லது என்பது என் கருத்து.

பிளேடின் மேல்முகத்தையும் பாருங்கள். காய் உரசிப் போகும் அந்த முகம் பின்தட்டோடு சமமாக இருக்கவேண்டும். மேலே துருத்திக்கொண்டிருந்தால் காய் தூக்கப்பட்டு வில்லை ஆப்பு வடிவில் விழும். சாணை பிடித்து மாட்டும்போது பிளேடைத் தலைகீழாகப் போட்டுவிட்டாலும் இதுதான் நடக்கும். கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

காயை ஒல்லிக் குச்சிகளாகச் சீவும் பற்கள் தனிக்கதை. அவை முன்தட்டில் நிமிர்ந்து நின்று காயை நேருக்கு நேர் கீறுகின்றன, வழுக்கலே கிடையாது. அதனால்தான் குச்சி போடும்போது அவ்வளவு பலம் கேட்கிறது. மலிவான ஸ்லைசர்களில் அந்தப் பற்களுக்குக் கூரே வைத்திருக்க மாட்டார்கள், தகட்டை அப்படியே வெட்டி நிறுத்தியிருப்பார்கள்.

விரல் வெட்டுப்படுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பலம் கொடுத்துத் தள்ளும்போது காய் ஒரு நொடி சிக்கி, திடீரென்று விடுபடும். கை அதே வேகத்தில் பிளேடுக்குப் போகும். ஆகவே மழுங்கிய நேர் பிளேடுதான் அதிக ஆபத்து. ஆனால் கூரான சாய்ந்த பிளேடு தொட்ட மாத்திரத்தில் அறுக்கும், அதுவும் சாதாரணமில்லை. ஸ்லைசரோடு கூட வரும், காயைப் பிடித்துத் தள்ளும் கைப்பிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு அந்தக் கைப்பிடி பிடிக்காது, ஒரு சின்னத் துண்டு மிச்சம் வைக்கும். அதனால் வெட்டுத் தடுக்கும் கையுறை போட்டுக்கொள்கிறேன். கடைசித் துண்டு சாம்பாருக்குப் போகட்டும்.

எதை வாங்குவது? தினமும் வெங்காயம், வெள்ளரி, முட்டைக்கோஸ், அவ்வப்போது சிப்ஸ் என்றால் கழற்றக்கூடிய சாய்ந்த ஒற்றைப் பிளேடு. திருகைக் கழற்றி, சாதாரண சாணைக்கல்லில் வீட்டிலேயே தீட்டிக்கொள்ளலாம், மாற்றுப் பிளேடும் கிடைக்கும். தக்காளியும் பெரிய கத்திரிக்காயும்தான் அதிகம் என்றால் ‘வி’. உருளைக்கிழங்கைத் தவிர வேறொன்றும் சீவப்போவதில்லை என்றால் மட்டும் நேர் பிளேடு. செராமிக் பிளேடு நெடுநாள் கூராக இருக்கும், ஆனால் கீழே விழுந்தால் சிராய் பெயரும், வீட்டில் தீட்டவும் முடியாது. உங்களிடம் இப்போது இருப்பதைத் தூக்கிப்போடும் முன் பிளேடு கழலுமா என்று பாருங்கள். கழன்றால் ஒரு முறை சாணை பிடித்துப் பாருங்கள். தக்காளி ஒருவேளை சரியாகிவிடும். கேரட் சரியாகாது.